வரைபடம் பொருந்தியது, தொனி பொருந்தவில்லை

குவீன் இசைக்குழுவின் பிரையன் மேயுடைய கிட்டார் தொனியை என் வீட்டு அறைக்குள் வரவழைக்க ஏழு வருடமாக முயன்றுகொண்டிருக்கிறேன். போன மாதம் ஜெயித்துவிட்டதாகவே நினைத்தேன். 'போஹேமியன் ராப்சொடி'யில் (1975) வரும் சோலோவை மென்பொருள் வைத்துத் தனியாகப் பிரித்து, அதன் அதிர்வெண் பரவலை வரைபடமாக எடுத்தேன். நான் வாசித்ததற்கும் ஒன்று எடுத்தேன். ஈக்வலைசரைத் திருகித் திருகி இரண்டையும் இழைத்தேன். கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று கச்சிதமாகப் படிந்தன. கண்ணை மூடிக் கேட்டால், மேயின் கிட்டார் பாடுகிற இடத்தில் என்னுடையது சளி பிடித்துப் பேசியது.

சரி, அப்ப எங்கே தப்பு?

தொனி தேடுகிறவர்களுக்காக எழுதப்படும் கட்டுரைகளில் பெரும்பாலானவை சாமான் பட்டியல்கள்தான். இந்த ஆம்ப், இந்தப் பெடல், இந்தப் பிக்கப், வாங்கினால் முடிந்தது. நானும் அப்படித்தான் வாங்கினேன். அந்தப் பட்டியல்கள் பொய் சொல்வதில்லை. ஆனால் எது முன்னால், எது பின்னால், ஏன் என்பதை அவை சொல்வதில்லை. சாம்பார் வைக்கத் தெரிந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். புளியை முதலில் விட்டுவிட்டுப் பருப்பைப் போட்டுப் பாருங்கள். அதே பொருள், அதே அளவு. பருப்பு மட்டும் வேகாது.

மே பயன்படுத்தும் ஆம்ப் வாக்ஸ் ஏசி30. அதை முழு வால்யூமில் வைக்கிறார். அதற்கு முன்னால் டிரெபிள் பூஸ்டர் என்ற சின்னப் பெட்டி. இந்தக் கூட்டணியை அவர் ரோரி கலாகரிடம் கற்றுக்கொண்டார். இந்த வகைப் பெட்டிகளுக்கு முன்னோடி, அறுபதுகளில் வந்த டல்லஸ் ரேஞ்ச்மாஸ்டர். அதற்குள் ஒரே ஒரு ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்; உள்ளே நுழையும் இடத்தில் மிகச் சிறிய கெபாசிட்டர். அந்தக் கெபாசிட்டர் கீழ் அதிர்வெண்களை வாசலிலேயே தடுத்துவிடும். மிச்சம் இருப்பதுதான் பெரிதாக்கப்பட்டு ஆம்புக்குள் போய் உடைகிறது.

இந்த 'உடைவதற்கு முன்' என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சிக்னல் உடையும்போது, அதாவது டிஸ்டார்ஷன் ஆகும்போது, உள்ளே போன அலைகளின் கூட்டலும் கழித்தலுமாகப் புதிய அலைகள் பிறக்கின்றன. பாஸ் நிறைய உள்ளே போனால் அது மற்ற எல்லாவற்றோடும் கலந்து சேறாகிவிடும். பிறகு ஈக்வலைசரில் பாஸைக் குறைத்தாலும், ஏற்கெனவே நடுவில் கலந்த சேறு போகாது. நான் ஏழு வருடமாகச் செய்தது அதுதான். முதலில் உடைத்தேன், பிறகு வடிகட்டினேன். மே வடிகட்டிவிட்டு உடைக்கிறார். இரண்டு ஃபங்க்‌ஷனை இடம் மாற்றி அழைத்தால் விடை மாறும் என்று ஆபீசில் ஜூனியர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற ஆள் நான்! வரைபடம் காட்டியது மொத்த நேரத்தின் சராசரியை. ஒவ்வொரு சுரமும் எப்படி உடைகிறது என்பது சராசரியில் தெரியாது.

இன்னொன்றையும் பட்டியல்கள் விட்டுவிடுகின்றன. ஒலித்தட்டில் கேட்கும் மேயின் கிட்டார் பல இடங்களில் ஒரு கிட்டாரே இல்லை. அதே 1975 ஆல்பத்தில் உள்ள 'குட் கம்பெனி'யைக் கேளுங்கள். கிளாரினெட், டிராம்போன் எல்லாம் சேர்ந்த பழைய ஜாஸ் பேண்டு மாதிரி ஒன்று வரும். அத்தனையும் அவருடைய கிட்டார்தான், துண்டு துண்டாக வாசித்து அடுக்கியது. அதற்கு உதவியது, குழுவின் பேஸ் கலைஞர் ஜான் டீக்கன் குப்பைத் தொட்டியில் கிடந்த ஒரு சர்க்யூட் போர்டை எடுத்துச் செய்த பேட்டரி ஆம்ப். வால்யூம் குமிழ்கூடக் கிடையாது. அந்தப் பெட்டியின் நகலை வாங்கி ஒரு கார்டு அடித்தால் ஜாஸ் பேண்டு வராது. அங்கே கேட்பது ஒரு இசையமைப்பாளரின் காது.

அந்தக் கிட்டாரின் கதையும் இப்படித்தான். கடையில் விற்ற கிட்டாரை வாங்கக் காசில்லாமல், 1963இல் மேயும் எலக்ட்ரானிக்ஸ் தெரிந்த அவர் அப்பாவும் சேர்ந்து வீட்டிலேயே செய்ய ஆரம்பித்தார்கள். கழுத்துக்குப் பழைய கணப்படுப்பின் மரச்சட்டம், டிரெமலோவுக்கு மோட்டார் சைக்கிள் வால்வு ஸ்பிரிங். மூன்று பிக்கப்பையும் சீரிஸில் இணைத்து, ஒவ்வொன்றுக்கும் தனி ஃபேஸ் சுவிட்ச். கையில் இருந்ததை வைத்துத் தேவைக்கு ஒரு வழி. அந்த வழியை இன்று நாம் விலை கொடுத்து வாங்குகிறோம். வாங்குவதில் தவறில்லை. ஆனால் அங்கே வேலை செய்த மூளை பார்சலில் வராது.

இப்போது வரிசையை மாற்றிவிட்டேன். பூஸ்டர் முதலில், பிறகு கணினியில் ஏசி30 சிமுலேஷன், அதுவும் முழு வால்யூமில். சத்தத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் கிட்டாரின் குமிழில்தான், மே செய்வது போல. மே பிளாஸ்டிக் பிக்குக்குப் பதிலாக ஆறு பென்ஸ் நாணயத்தால் மீட்டுபவர். அதற்குப் பதில் என்னிடம் ஒரு பழைய நாலணா இருக்கிறது. செப்பு-நிக்கல், சுமார் 19 மில்லிமீட்டர், விளிம்பில் பல். அளவில் ஆறு பென்ஸின் தம்பி. சாய்த்துப் பிடித்தால் கம்பியில் அந்தச் 'சர்ர்' வருகிறது. இந்த நாலணாவைவிட அதிகப் பலன் தந்த எதையும் நான் கடையில் வாங்கவில்லை.

தொனி இப்போது பக்கத்தில் வந்திருக்கிறது. அதனால் ஒரு சங்கடமான உண்மையும் கேட்க ஆரம்பித்துவிட்டது. முன்னால் எடுத்த வரைபடத்துக்காக அந்தச் சோலோவை நான் நாலு துண்டாக வாசித்து ஒட்டியிருந்தேன். மே துண்டு துண்டாக வாசித்தது, ஒருவராக ஒரு பேண்டையே உருவாக்க. நான் ஒட்டியது, ஒரே மூச்சில் வாசிக்க வராததால். ஏழு வருடத்தில் ஒன்பது பெடல் வாங்கியிருக்கிறேன். அந்தச் சோலோவை ஒருமுறைகூட முழுசாக வாசித்ததில்லை.

இந்த வாரம் வரைபட மென்பொருளைத் திறக்கவில்லை. மெட்ரோனோமை அறுபதில் வைத்து, நாலணாவோடு முதல் துண்டிலிருந்து இரண்டாவதுக்குப் போகும் இடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் தடுக்குகிறது.