களம் மாறிய கால்கள்

பொங்கோல் வீவக புளோக்குகளுக்கு நடுவே உள்ள திடலில் தொடக்கநிலை ஐந்தோ ஆறோ படிக்கும் ஒரு பையன் எல்லாரையும் முந்தி ஓடினால், பக்கத்தில் நிற்கும் பெற்றோர் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "எந்த ஸ்கூலுக்கு டிஎஸ்ஏ போடறீங்க?" 2004இல் வந்த நேரடிப் பள்ளிச் சேர்க்கை (டிஎஸ்ஏ), மதிப்பெண்ணோடு விளையாட்டுத் திறனுக்கும் ஒரு கதவைத் திறந்துவிட்டது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் எந்தத் திறனுக்காக எடுத்தார்களோ அதிலேயே தொடர வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் கூடவே வருகிறது. பன்னிரண்டு வயதில் காற்பந்து என்றால் பிறகும் காற்பந்துதான்.

இந்தக் கணக்கில் சிங்கப்பூர் ஓட்டக்காரர் சி. குணாளனுக்கு இடமே இருந்திருக்காது. 1942இல் பிறந்த அவர் இளமையில் காற்பந்துக்காரர். அவருடைய கால்வேகத்தைக் கவனித்துத் திடல்தடத்துக்கு இழுத்தவர் பயிற்றுநர் டான் எங் யூன். குணாளனுக்கு அப்போது வயது இருபதை ஒட்டி. சிங்கப்பூர் மலேசியாவோடு இணைந்திருந்த 1964இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் மலேசிய அணிக்காக ஓடினார். 1966இல் பாங்காக் ஆசிய விளையாட்டுகளில் 100 மீட்டர் இறுதியோட்டத்தில் அவருக்கும் மலேசியாவின் ஜெகதீசனுக்கும் ஒரே நேரம் பதிவானது. புகைப்படத்தைப் பார்த்துத்தான் தங்கம் ஜெகதீசனுக்கு என்று முடிவு செய்தார்கள். 1968இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் 10.38 வினாடி.

இதைப் பிறவி வேகம் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: ஒரு விளையாட்டின் பயிற்றுநர் இன்னொரு விளையாட்டின் ஆட்டக்காரரைப் பார்த்தார். லிட்டில் இந்தியாவை ஒட்டிய ஃபேரர் பார்க்கில் காற்பந்தும் ரக்பியும் ஓட்டப்பந்தயமும் அக்கம்பக்கமாக நடந்த காலம் அது. கண்ணில் படுவதற்கு வாய்ப்பு இருந்தது.

களம் மாறுவதை உலகில் மிகக் கசப்பாக அனுபவித்தவர்கள் ரக்பி ஆட்டக்காரர்கள். கூலி இழப்புக்கு ஈடு தரலாமா கூடாதா என்ற சண்டையில் 1895இல் இங்கிலாந்தில் ரக்பி யூனியன், லீக் என்று இரண்டாகப் பிளந்தது. யூனியனிலிருந்து லீகுக்குப் போனவருக்கு 1995 வரை யூனியனில் ஆயுள் தடை. கார்டிஃப் துறைமுகப் பகுதியில் பிறந்த கறுப்பின விங்கர் பில்லி பாஸ்டன் 1953இல் விகன் லீக் அணிக்குப் போனார். அந்த அணிக்காக மட்டும் 478 டிரை எடுத்தார். லீகில் அணிக்கு 15 பேர் இல்லை, 13 பேர்தான். ஓரத்தில் ஓடுபவருக்கு அதிக வெளி. பிடிபட்டு விழுந்ததும் பந்துக்காகக் குவியல் போட்டுப் பிடுங்குவதும் கிடையாது. இந்த விதிகள் வேகக்காரருக்குச் சாதகம்.

ஆனால் எல்லாருக்கும் அப்படி வாய்க்கவில்லை. நியூசிலாந்துக்கு 1987 உலகக் கோப்பையை வென்று தந்த அணியின் ஃபுல்பேக் ஜான் கலகர் 1990இல் பெரும் தொகைக்கு லீட்ஸ் லீக் அணியில் சேர்ந்து தடுமாறினார். ஒரு களத்தில் உச்சத்தில் இருந்தவர் மறு களத்தில் பாடத்தைப் புதிதாகத்தான் தொடங்க வேண்டும். தொகை கொடுத்தவர்களுக்கு அதுவரை பொறுமை இருப்பதில்லை. குணாளனுக்கு அந்த நெருக்கடி இல்லை. அவர் ஆசிரியர் வேலை பார்த்துக்கொண்டே ஓடியவர்.

அவர் கதையிலும் ஒரு நெருடல் உண்டு. 10.38 என்ற தேசியச் சாதனை 33 ஆண்டு நின்றது. மெக்சிகோ நகரம் கடல்மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதும், மெல்லிய காற்று குறுந்தூர ஓட்டத்துக்கு உதவும் என்பதும் உண்மைதான். அதற்காக 33 ஆண்டா? 2001 தென்கிழக்காசிய விளையாட்டுகளில் யு.கே. ஷ்யாம் அதை நூறில் ஒரு வினாடியால்தான் முந்தினார். அந்த நீண்ட ஆயுளைப் பெருமையாகவே பேசி வந்திருக்கிறோம். நாற்றங்கால் போடாமல் பக்கத்து வயலில் முளைத்ததைப் பிடுங்கி நட்டதன் விளைவும் அதுதான் என்பேன். ஷ்யாமின் 10.37ஐ 2023இல் 10.27 ஆக்கிய மார்க் பிரையன் லூயிசும் தடையோட்டத்திலிருந்து வந்தவர். களம் மாறுதல் நமக்கு வீரர்களைத் தந்திருக்கிறது. வரிசை ஒன்றைத் தரவில்லை.

அதனால் வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. பொங்கோலுக்குத் திட்டமிடப்பட்ட வட்டார விளையாட்டு மையத்தில் 5,000 பேர் அமரும் காற்பந்து அரங்கமும் நீச்சல் வளாகமும் அடக்கம். பல ஆட்டங்கள் ஓரிடத்துக்கு வந்தால் டான் எங் யூன் போன்ற கண்ணுக்கு மறுபடி வேலை கிடைக்கலாம். பதினான்கு வயதில் இன்னோர் ஆட்டத்தில் கைவைத்துப் பார்க்க டிஎஸ்ஏ பிள்ளைகளுக்கும் ஒரு வழி விட்டால் நல்லது. சிக்கல் பிள்ளையிடம் இல்லை, அவனை விட்டுக்கொடுக்க வேண்டிய பயிற்றுநரிடம் இருக்கிறது. வேகமான விங்கரைத் திடல்தடத்துக்கு அனுப்பினால் அடுத்த பள்ளிகளுக்கிடையிலான போட்டியில் தோற்கப்போவது அவருடைய அணி. அந்த இழப்பை அவர் கணக்கில் எழுதாமலிருக்கப் பள்ளிகள் தயாரா என்பதை இதுவரை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.