பலாப்பழம் யாருக்கு?

மாகறல் கோயிலுக்குப் போயிருக்கிறீர்களா? காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகிற வழியில், செய்யாற்றங்கரையில் இருக்கிறது. சம்பந்தர் பாடிய தலம். சாமி பெயர் திருமாகறலீஸ்வரர். லிங்கம் உடும்பின் வால் வடிவத்தில் இருக்கும். அந்தத் தலத்துக்கு ஒரு கதை சொல்வார்கள்.

ஊரில் ஒரு பலா மரம். தினமும் ஒரே ஒரு பழம் தரும். அதைச் சிதம்பரம் கொண்டுபோய் நடராஜருக்குப் படைத்துவிட்டு, பிறகு சோழ ராஜாவிடம் சேர்க்க வேண்டும். ஊர்க்காரர்கள் முறை வைத்துச் சுமந்தார்கள். ஒருநாள் ஒரு பையனின் முறை வந்தது. இத்தனை தொல்லைக்கும் காரணம் இந்த மரம்தானே என்று அவனுக்குத் தோன்றியது. கொளுத்திவிட்டான். ராஜா அவனை நாடு கடத்தினார். அப்புறம் பொன் உடும்பு வருகிறது, புற்று வருகிறது, கதை பக்தி மார்க்கத்தில் போய்விடுகிறது. எனக்கு அந்தப் பையனைத் தாண்டிப் போக மனசு வரவில்லை.

மரம் ஓர் ஊரில். சுமை அந்த ஊரின் தலையில். பழம் வேறொரு இடத்தில். பேடண்ட், காப்புரிமை, அறிவுசார் சொத்து என்று இன்று நாம் பேசுகிற சமாசாரம் மொத்தமும் இந்தக் கணக்குக்குள் அடங்கிவிடும்.

நம்மூரில் ஒரு வழக்கம். யாராவது ஒருவர் பேடண்ட் வாங்கிவிட்டால் பத்திரிகையில் போட்டோ போடுகிறோம். கல்லூரிகள் பேனர் வைக்கின்றன. ஏதோ பத்மஸ்ரீ கிடைத்த மாதிரி. பேடண்ட் ஒரு விருது அல்ல சார். வணிகவியல் படித்தவன் என்கிற முறையில் சொல்கிறேன், அது ஓர் ஒப்பந்தம். ‘என் ரகசியத்தை ஒளிவுமறைவு இல்லாமல் எழுதிக் கொடுத்துவிடுகிறேன். பதிலுக்கு 20 வருஷம் என்னைக் கேட்காமல் வேறு யாரும் இதைச் செய்யக் கூடாது’ என்று கண்டுபிடித்தவர் அரசாங்கத்தோடு போடுகிற ஒப்பந்தம். விண்ணப்பித்த தேதியிலிருந்து 20 வருஷம். அதற்குள் லாபம் பார்த்தால் வரவு. பார்க்காவிட்டால் வருஷா வருஷம் கட்டுகிற புதுப்பிப்புக் கட்டணம் செலவு. அவ்வளவுதான்.

2023-24 நிதியாண்டில் மட்டும் இந்தியாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பேடண்ட்டுகள் கொடுத்தார்கள். மருந்து, மொபைல், மோட்டார், ரசாயனம், விவசாயக் கருவி என்று எல்லாத் துறையிலும். எண்ணிக்கையைச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டோம். இதில் எத்தனை யாருடைய வாழ்க்கையை மாற்றப்போகிறது என்று கேட்க மறந்துவிட்டோம். அதைக் கேட்பதற்கு மைக்ராஸ்கோப் எல்லாம் வேண்டாம். காஞ்சிபுரம் பக்கம் ஒரு பட்டுத்தறி போதும்.

தறியில் ஓடுகிற நாடாவைப் பாருங்கள். கயிற்றை இழுத்தால் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் பறக்கும். இது 1733ல் ஜான் கே என்ற இங்கிலாந்துக்காரர் பேடண்ட் வாங்கிய சங்கதி. அதற்கு முன்னால் அகலத் துணி நெய்ய வேண்டுமென்றால் இரண்டு பேர் உட்கார்ந்து நாடாவை மாற்றி மாற்றி எறிய வேண்டும். கே அதை ஓர் ஆள் வேலையாக்கினார். ஊரே அதைப் பயன்படுத்தியது. பணம் கொடுக்கத்தான் ஆளில்லை. ஜவுளி முதலாளிகள் ஒன்றுகூடி ‘ஷட்டில் கிளப்’ என்று ஒரு சங்கம் வைத்தார்கள். எதற்கு? கே வழக்குப் போட்டால் ஆளுக்குக் கொஞ்சம் செலவைப் பகிர்ந்துகொள்ள. கேஸ் நடத்தியே மனிதர் ஓட்டாண்டியானார். பிரான்ஸுக்குப் போய், அங்கே வறுமையில் செத்தார். பேடண்ட் சட்டப்படி செல்லும். பர்ஸில்தான் எதுவும் இல்லை.

அடுத்து, தறிக்கு மேலே நிமிர்ந்து பாருங்கள். ஓட்டை போட்ட அட்டைகள் மாலை மாதிரி தொங்கும். ஜக்கார்டு. 1804ல் பிரான்ஸில் ஜோசப் மரி ஜக்கார்டு செய்தது. அவரும் சுயம்பு இல்லை. பூஷோன், ஃபால்கோன், வோகான்சோன் என்று முன்னால் மூன்று பேர் முயன்றதை ஒன்றுசேர்த்து ஓட வைத்தவர். இங்கேதான் வித்தியாசம். பிரெஞ்சு அரசாங்கம் அந்த எந்திரத்தைப் பொதுச் சொத்தாக அறிவித்தது. ஜக்கார்டுக்கு ஆயுசுக்கும் பென்ஷன், ஓடுகிற ஒவ்வோர் எந்திரத்துக்கும் ஒரு தொகை. யார் வேண்டுமானாலும் செய்யலாம். கண்டுபிடித்தவரும் பட்டினி கிடக்க வேண்டாம். வேலை போய்விடும் என்று பயந்த லியோன் நெசவாளர்கள் எந்திரத்தை உடைத்தார்கள், எரித்தார்கள் என்பதும் சரித்திரம்தான். ஆனாலும் 1812க்குள் பிரான்ஸில் பல ஆயிரம் ஜக்கார்டு தறிகள் ஓடின.

அந்த அட்டை அதோடு நிற்கவில்லை. ஓட்டை இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் வேறு என்கிற அதே யோசனையில் அமெரிக்காவில் ஹெர்மன் ஹோலரித் ஓர் எந்திரம் செய்து 1889ல் பேடண்ட் வாங்கினார். 1890 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அதில்தான் நடந்தது. அவருடைய கம்பெனி வேறு கம்பெனிகளோடு சேர்ந்து பிற்பாடு ஐ.பி.எம். ஆனது. பொதுச் சொத்தான தறி அட்டையின் ஒன்றுவிட்ட பேரன் கம்ப்யூட்டர். பேடண்ட் இல்லாவிட்டால் விஞ்ஞானம் வளராது என்று சொல்கிறவர்கள் இந்த வம்சாவளியை ஒருதரம் படித்துப் பார்க்கலாம்.

ஆச்சா? இப்போது சேலைக்கு வருவோம்.

காஞ்சிப் பட்டின் உயிர் கோர்வை. சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் தனித்தனி நாடாவில் நெய்து, ஒவ்வோர் இழையிலும் கோத்துக்கொண்டே போவார்கள். மொத்தம் மூன்று நாடா. சேலை நைந்தாலும் கரை பிரியாது. இதைக் கண்டுபிடித்தது யார்? பெயர் இல்லை. எந்த வருஷம்? தேதி இல்லை. பேடண்ட் நம்பர்? கேட்கவே வேண்டாம். ஜான் கே செய்ததற்கு எந்த விதத்திலும் குறையாத தொழில்நுட்பம் இது. ஆனால் சட்டத்தின் கண்ணில் இது கண்டுபிடிப்பே கிடையாது. இந்திய பேடண்ட் சட்டத்தின் 3(பி) பிரிவு தெளிவாகச் சொல்லிவிடுகிறது: பாரம்பரிய அறிவுக்குப் பேடண்ட் இல்லை.

அந்தப் பிரிவு நல்லதுக்குத்தான் வந்தது. மஞ்சள் கதை ஞாபகம் இருக்கும். புண்ணில் மஞ்சள் வைத்தால் ஆறும் என்பதற்கு 1995ல் அமெரிக்காவில் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையம் பேடண்ட் வாங்கியது. நம் சி.எஸ்.ஐ.ஆர். போய்ப் பழைய நூல்களையும், 1953ல் இந்திய மருத்துவப் பத்திரிகையில் வந்த ஒரு கட்டுரையையும் காட்டி வாதாடியது. 1997ல் பேடண்ட் ரத்து. பாட்டி வைத்தியத்தை நிரூபிக்க அச்சடித்த காகிதம் தேவைப்பட்டது, பாருங்கள். பாட்டி சொன்னால் சாட்சி இல்லை. பத்திரிகை சொன்னால் சாட்சி.

ஆக, பாரம்பரியத்தை எவனும் திருட முடியாதபடி பூட்டு போட்டாகிவிட்டது. சந்தோஷம். ஆனால் அந்தப் பூட்டு வீட்டுக்காரனுக்கு ஒரு வேளைச் சோறு போடுமா? போடாது. அதற்கு வேறொரு கதவைக் காட்டினார்கள். புவிசார் குறியீடு.

அந்தக் கதவு ரொம்ப தூரத்தில் இல்லை. சென்னை கிண்டியில் ஒரே வளாகத்தில் பேடண்ட் அலுவலகமும் இருக்கிறது, நாடு முழுமைக்குமான புவிசார் குறியீட்டுப் பதிவகமும் இருக்கிறது. பேடண்ட் மேஜையில் ‘இது புதுசு இல்லையே’ என்று தள்ளப்படுகிற கோர்வை, குறியீட்டு மேஜைக்குப் போனால் ‘பழசா? பேஷ், வாங்க’ என்று வரவேற்கப்படும். 2005-06ல் காஞ்சிபுரம் பட்டு பதிவானது. பதிவின் உரிமையாளர் தமிழக அரசின் கைத்தறி, துணிநூல் துறை.

இங்கேதான் என் விமரிசனம். பேடண்ட் ஒரு மனிதனைப் பார்க்கிறது, அவனுக்குப் பின்னால் இருக்கிற ஊரைப் பார்ப்பதில்லை. குறியீடு ஊரைப் பார்க்கிறது, தறியில் உட்கார்ந்திருக்கிற மனிதனைப் பார்ப்பதில்லை. போலிக்குச் சிறைத் தண்டனை வரைக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் வெளியூரில் விசைத்தறியில் ஓட்டிய சேலையை ஒரு கடை ‘காஞ்சிப் பட்டு’ என்று விற்றால், அந்தக் கடைமேல் புகார் கொடுத்து, சாட்சி திரட்டி, கோர்ட்டுக்கு அலைய வேண்டியது யார்? ஒரு சேலை முடித்தால்தான் கூலி என்று உட்கார்ந்திருக்கிற நெசவாளியா? ஜான் கேயே அலைந்து தோற்ற பாதை அது.

கூலியைப் பற்றி யோசிக்கும்போது இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். கோர்வைக்கு இரண்டு பேர் வேண்டும். நெய்கிறவர் ஒருவர். மறுபக்கக் கரையின் நாடாவைப் போட எதிரில் ஒருவர். ஜான் கே 1733ல் ஒழித்த அந்த இரண்டாவது ஆள், காஞ்சிபுரத்தில் இன்னமும் தேவைப்படுகிறார். ஒரு காலத்தில் அந்த இடத்தில் உட்கார்ந்தது பள்ளிக்கூடம் போக வேண்டிய பிள்ளைகள். 1990களில் அது பெரிய விவகாரமாகி, அரசும் தொண்டு நிறுவனங்களும் பாடுபட்டு அந்தப் பிள்ளைகளை வெளியே கொண்டுவந்தார்கள். நல்ல காரியம். ஆனால் காலியான அந்த இடத்துக்கு இன்னோர் ஆள் வேண்டுமே. ஒரு கூலியை இரண்டு பேர் பங்கு போட்டுக்கொள்வதுதான் கணக்கு.

இந்த ஒரு பிரச்னைக்கு எத்தனை பேர் மண்டையை உடைத்துக்கொண்டார்கள்? அங்கங்கே முயற்சிகள் நடந்திருக்கின்றன. இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஒரு லட்சம் பேடண்ட் கொடுக்கிற தேசத்தில் இதற்குக் கிடைத்த மரியாதை என்ன?

மண்டையை உடைத்துக்கொண்ட ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். தெலங்கானாவில் ஆலேர் பக்கம் ஷாராஜிப்பேட்டை கிராமத்துக்காரர், சிந்தகிந்தி மல்லேசம். போச்சம்பள்ளிப் பட்டு நெசவுக் குடும்பம். ஆரம்பப் பள்ளியைத் தாண்டிப் பெரிய படிப்பு கிடையாது. போச்சம்பள்ளிச் சேலைக்கு நூலைச் சாயத்துக்குத் தயார் செய்ய ‘ஆசு’ என்று ஒரு வேலை உண்டு. வரிசையாக நட்ட முளைகளில் நூலைக் கையால் மாற்றி மாற்றிச் சுற்ற வேண்டும். ஒரு சேலைக்குச் சுமார் 9,000 தடவை கை போய் வர வேண்டும். வீட்டில் அதைச் செய்தது அவருடைய அம்மா லட்சுமி. ராத்திரியானால் தோள் வலி. மகன் பார்த்தார். அதற்கு ஓர் எந்திரம் செய்தே தீருவது என்று இறங்கினார். பல வருஷம், கடன், ஊர்ப் பேச்சு எல்லாவற்றையும் தாண்டி 1999ல் எந்திரம் ஓடியது. பேர் லட்சுமி ஆசு எந்திரம். பேடண்ட் பிற்பாடு வந்தது. 2017ல் பத்மஸ்ரீயும் வந்தது. 2019ல் தெலுங்கில் அவர் வாழ்க்கையை சினிமாவாகவே எடுத்தார்கள்.

மல்லேசத்தின் வரிசையைக் கவனியுங்கள். முதலில் வலி. அப்புறம் எந்திரம். பக்கத்து வீட்டுத் தறிகளுக்கு அது போனது. கடைசியில்தான் பேடண்ட். நம் கல்லூரிகளில் இது தலைகீழ். முதலில் பேடண்ட் எண்ணிக்கைக்கு இலக்கு. அப்புறம் அதற்கு ஏற்ற ‘கண்டுபிடிப்பு’. யாருக்குப் பயன் என்பது கடைசி வரியில்கூட இல்லை.

நான் பேடண்ட்டே வேண்டாம் என்கிற கட்சி இல்லை. முதல் போட்டவனுக்குப் பாதுகாப்பு வேண்டும். ஆனால் ஒரு கண்டுபிடிப்பை எடைபோட, சான்றிதழ் நம்பரை விட்டுவிட்டு வேறு கேள்வி கேட்கலாம். இது யாருடைய தோள்வலியைக் குறைத்தது? இதனால் யார் வீட்டில் அடுப்பு எரிந்தது? பிரெஞ்சு அரசாங்கம் ஜக்கார்டுக்குச் செய்ததை நம் அரசாங்கம் ஏன் செய்யக் கூடாது? கோர்வையில் எதிர் ஆள் இல்லாமல், தரமும் கெடாமல் நெய்ய ஒரு கருவி செய்கிறவருக்குப் பெரிய தொகை கொடுத்து வாங்கி, ‘எல்லாத் தறிக்கும் இலவசம்’ என்று அறிவித்தால் என்ன? நினைவு மண்டபங்களுக்கு ஆகிற செலவோடு ஒப்பிட்டால் அது சில்லறைக் காசு.

அதுவரைக்கும் உங்களால் ஆகிற ஒன்று இருக்கிறது. அடுத்த தடவை முகூர்த்தப் பட்டு எடுக்கப் போகும்போது, சில்க் மார்க் பார்த்ததோடு நின்றுவிடாதீர்கள். அது பட்டுதானா என்று மட்டும்தான் சொல்லும். கையால் நெய்ததா என்று சொல்லாது. அதற்குக் கைத்தறி முத்திரை என்று 2006லிருந்து தனியாக ஒன்று உண்டு. இரண்டையும் கேளுங்கள். கூட்டுறவுச் சங்கத்துக் கடையிலும் ஒருதரம் ஏறி இறங்குங்கள். கடைக்காரரிடம் கூச்சப்படாமல், ‘இதை நெய்தவருக்கு என்ன கூலி கொடுத்தீங்க?’ என்றும் கேட்டுப் பாருங்கள். பதில் வராது. ஆனால் பத்துப் பேர் கேட்டால், பதினோராவது ஆளுக்கு ஏதாவது பதில் சொல்லித்தானே ஆக வேண்டும்?