அச்சேறிய பின் யார் பொறுப்பு?

காட்பாடியிலிருந்து மேற்கே போகும் ரயில் பாதை ஆம்பூர், வாணியம்பாடி, ஜோலார்பேட்டை கடந்து பங்காரப்பேட்டையை அடைகிறது. அங்கிருந்து ஒரு கிளை கோலார் தங்கவயலுக்குப் பிரிகிறது. வடஆர்க்காட்டுச் சேரிகளிலிருந்து சுரங்க வேலைக்குப் போன குடும்பங்களின் தடம் இது. தமிழில் ஒடுக்கப்பட்டோர் லாபம் கருதாமல் தாங்களே நடத்திய பதிப்பு முயற்சி ஒன்று நெடுங்காலம் தாக்குப்பிடித்ததும் இந்தத் தடத்தில்தான். அதன் பலமும் பலவீனமும் இன்றைய சிறு பதிப்பகங்களுக்கு அப்படியே பொருந்துகின்றன.

அந்த முயற்சியின் தொடக்கமாக, பௌத்தச் சிந்தனையாளர் அயோத்திதாசப் பண்டிதர் 1907 ஜூன் 19 அன்று சென்னை இராயப்பேட்டையில் ‘ஒரு பைசாத் தமிழன்’ வார இதழைத் தொடங்கினார். மறு ஆண்டு அது ‘தமிழன்’ ஆனது. தங்கவயல், திருப்பத்தூர் பௌத்த சங்கத்தார் அதை வாங்கிப் படித்தார்கள், பொருளுதவி செய்தார்கள், எழுதினார்கள். 1914-இல் பண்டிதர் மறைந்த பின் தடுமாறி நின்ற இதழை, 1926-இல் ஜி. அப்பாதுரையார் தங்கவயலிலிருந்து மீண்டும் நடத்தினார். அங்கிருந்த சித்தார்த்தா புத்தகசாலை 1950-களிலும் பண்டிதரின் நூல்களை அச்சிட்டது.

எதை எழுதலாம், எந்த நடையில் எழுதலாம் என்று வெளியார் யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை என்பதே இம்முயற்சியின் பெரும் பலம். சாதியின் தோற்றம், பௌத்தத்தின் தொன்மை, திருக்குறள் உரை என்று கல்விமான்கள் தமக்கே உரியதென்று நினைத்திருந்த துறைகளில் பண்டிதர் துணிந்து நுழைய முடிந்தது அதனால்தான். அச்சுக்கூடம் தன் கையில் இல்லாதவருக்கு அந்தத் துணிவு வாய்த்திருக்காது.

பலவீனமும் அங்கேயே இருந்தது. ஒருவரை நம்பி நின்ற இதழ் அவரோடு சாய்ந்தது. சங்கத்துக்கு வெளியே அந்த நூல்கள் பரவலாகப் போய்ச் சேரவில்லை. ஞான. அலாய்சியஸ் தொகுத்து, பாளையங்கோட்டை நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் 1999-இல் ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ தொகுதிகளை வெளியிட்ட பிறகுதான் பொது வாசகர்கள் அவரைப் படிக்கத் தொடங்கினார்கள். எழுத்தைக் காப்பாற்றியது சமூகம். அதைப் பரப்பியது வெளியிலிருந்த ஒரு கல்வி நிறுவனம்.

சமூகமே நடத்தியது முதல் வகை என்றால், இரண்டாவது வகை தொண்டு நிறுவனப் பதிப்பு. பாமாவின் ‘கருக்கு’ 1992-இல் மதுரையில் சமுதாயச் சிந்தனை செயல் ஆய்வு மையத்தின் வெளியீடாக வந்தது. ஊர்ப்பேச்சைத் திருத்தாமல், அறிமுகமில்லாத ஒரு பெண்ணின் வாழ்க்கைக் கதையை அச்சேற்றியது அந்த மையத்தின் துணிச்சல். லட்சுமி ஹோம்ஸ்ட்ரோமின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2001-இல் கிராஸ்வேர்ட் விருது பெற்றது. விற்பனைக் கணக்கை முதலில் போட்டுப் பார்க்கும் பதிப்பாளர் இதில் இறங்கியிருப்பாரா என்பது சந்தேகமே.

ஆனால் அதே புத்தகத்துக்காகப் பாமா தன் சொந்த ஊருக்குள் பல மாதங்கள் கால்வைக்க முடியாமல் இருந்தார். 2014-இல் ‘ஊரார் வரைந்த ஓவியம்’ எழுதிய புதுக்கோட்டை மாவட்டத்துத் துரை. குணாவின் குடும்பம் ஊர்விலக்கத்தைச் சந்தித்தது. புத்தகத்தைத் துணிந்து போடுகிறவர்கள்கூட, போட்ட பிறகு எழுத்தாளரோடு நிற்பதற்கு எந்த ஏற்பாடும் வைத்துக்கொள்வதில்லை. வழக்கறிஞர் யார், தற்காலிகமாகத் தங்க இடம் எங்கே, வேலை போனால் என்ன வழி என்ற கேள்விகளும் பதிப்புப் பணியைச் சேர்ந்தவைதான். இவற்றைக் கேட்காத துணிச்சல், எழுதியவரின் தலையில் மட்டும் இறங்கும் துணிச்சல்.

இன்னொரு குறை, பேசுவதற்குச் சங்கடமானது. இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ 1994-இல் க்ரியா பதிப்பக வெளியீடாக வந்தது. தலித்துகளுக்குத் துணி வெளுக்கும் புதிரை வண்ணார், ஒடுக்கப்பட்டோராலேயே ஒடுக்கப்படுவதைச் சொன்னதற்காக அந்த நாவல் தலித் விமர்சகர்களிடமிருந்தே கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. அந்தச் சூழலில் விடுதலையை முன்வைத்து நடக்கும் ஒரு பதிப்பகம் அதை ஏற்றிருக்குமா? தன் மக்களின் காயத்தைக் காட்டும் எழுத்துக்கு அங்கே கதவு அகலத் திறந்திருக்கிறது. தன் மக்களே செய்யும் காயத்தைக் காட்டும் எழுத்துக்கு அவ்வளவு திறப்பதில்லை. வேதனைக் கதையையே திரும்பத் திரும்ப எதிர்பார்ப்பதும் இதோடு சேர்ந்தது. ஆராய்ச்சியோ, துப்பறியும் கதையோ, காதல் கதையோ எழுத நினைக்கும் சேரிப்பிள்ளை எங்கே போவது?

இந்தக் கேள்விகளைத் தோல் பதனிடும் ஊர்களில் வைத்துப் பார்த்தால் இடைவெளி இன்னும் பெரிதாகத் தெரியும். பேரணாம்பட்டுக்காரரான அழகிய பெரியவன் ‘தகப்பன் கொடி’ முதலான நூல்களால் இந்தப் பகுதியைத் தமிழ் இலக்கியத்துக்குள் கொண்டுவந்தார். ஆனால் ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளில் வேலை செய்யும் ஆயிரக்கணக்கான பெண்களின் எழுத்து எங்கே? 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுத் தொட்டி உடைந்து 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். பெரும்பாலோர் வெளிமாநிலத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். பாலாற்றங்கரையில் செத்த அவர்களின் கதையை எந்த மொழியில், யார் பதிப்பிப்பது? ஷிப்டு முடித்து வரும் தொழிலாளி தானாக எழுதிக் கொண்டுவரட்டும் என்று மேசைக்குப் பின்னால் காத்திருக்கும் பதிப்பகத்துக்கு இந்த எழுத்து ஒருபோதும் கிடைக்காது. அவர் சொல்வதைக் கேட்டு எழுதவும், எழுதும் நாட்களுக்கு இழந்த கூலியை ஈடுகட்டவும் அது முன்வர வேண்டும்.

லாப நோக்கம் இல்லை என்பதாலேயே ஒரு பதிப்பகம் நியாயமானதாகிவிடாது. எழுத்தாளருக்கு ராயல்டி தராமல் ‘சமூகப் பணி’ என்று சொல்வதும் உழைப்பைச் சுரண்டுவதுதான். எழுத்து மூலமான ஒப்பந்தம், ஆண்டுதோறும் கணக்கு, எழுத்தாளர் பெயரிலேயே காப்புரிமை, புத்தகம் தீர்ந்தால் மறுபதிப்பு அல்லது உரிமையைத் திருப்பித் தருதல், எழுதும் சமூகங்களிலிருந்தே ஆசிரியர் குழு: குறைந்தது இந்த ஐந்தையும் இத்தகைய பதிப்பகங்களிடம் கேட்க வேண்டும்.

இவ்வளவு குறை சொன்ன பிறகும் என் தீர்ப்பு ஒன்றுதான். இந்தப் பதிப்பகங்கள் இல்லையென்றால் அயோத்திதாசரும் இல்லை, ‘கருக்கு’ம் இல்லை. அவை பெருக வேண்டும், கணக்கோடும் பொறுப்போடும் நீடிக்க வேண்டும். அதற்கு நன்கொடையைவிட விற்பனையே உறுதியான துணை. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களின் நூலக வாசகர்களே, இந்த நூல்களைப் பெயர் சொல்லிக் கேட்டு, நூலகங்களை வாங்க வையுங்கள். புத்தகத் திருவிழாவில் இந்தப் பதிப்பகங்களின் கடைக்குப் போனால், இலவசப் பிரதி கேட்காமல் முழு விலை கொடுத்து வாங்குங்கள்.