ஒரு பதவி, இரண்டு தமிழ்ப் பெயர்

ட்வெய்ட்டாவில் மெட்ரோ ஏறினால், ஒஸ்லோ நடுப்பகுதிக்குப் போய்ச் சேருமுன் சென்னைச் செய்தியையும் கொழும்புச் செய்தியையும் கைப்பேசியில் பார்த்துவிடலாம். சென்னைப் பத்திரிகை ‘முப்படைத் தலைமைத் தளபதி’ என்று எழுதும் பதவியைக் கொழும்புத் தமிழ் ‘பாதுகாப்புப் பதவிநிலைப் பிரதானி’ என்கிறது. முதல் பெயரைக் கேட்டால் மூன்று படைகளும் அவர் சொல்லுக்கு ஆடும் என்று தோன்றும். அப்படி இல்லை. கொழும்புப் பெயர்தான் நேர்மையானது என்பேன்.

1999 கார்கில் போருக்குப் பிறகு, திருச்சியில் பிறந்த கே. சுப்பிரமணியம் தலைமையிலான குழு இந்தியாவின் பாதுகாப்பு அமைப்பையே துருவிப் பார்த்தது. 2001-இல் அமைச்சர் குழு இப்பதவியைப் பரிந்துரைத்தது. ஆனால் ஒரே ஜெனரலின் கையில் அதிகாரம் குவிந்துவிடுமோ என்ற பழைய அச்சம் டெல்லியை விடவில்லை. பிபின் இராவத் பொறுப்பேற்றபோது 2020 ஜனவரி 1 ஆகிவிட்டது. அப்போதும் படைக்குக் கட்டளையிடும் அதிகாரம் தரப்படவில்லை. அமைச்சருக்கு ஆலோசகர், இராணுவ விவகாரத் துறைக்குச் செயலாளர். ஆனால் டெல்லியில் செயலாளரின் கையெழுத்தைச் சாதாரணமாக எண்ணக் கூடாது. கோப்பு அங்கேதான் நகரும்.

2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து வெலிங்டன் சென்ற ஹெலிகாப்டர் குன்னூருக்கு அருகே விழுந்து இராவத் இறந்தார். அதன்பின் பத்து மாதத்துக்குக் கொஞ்சம் குறைவாக நாற்காலி வெறுமையாகக் கிடந்தது. ஓய்வுபெற்றவரையும் நியமிக்கலாம் என்று விதியைத் திருத்தி, 2022 செப்டம்பர் 30-இல் அனில் சௌகானை அமர்த்தினார்கள்.

இலங்கைக்கு இந்தத் தயக்கம் இருக்கவில்லை. போர் நெருக்க, 1985-இலேயே கூட்டு நடவடிக்கைத் தலைமையகம் வந்துவிட்டது. பதவிநிலைப் பிரதானி பின்னால் வந்தார். 2009 ஜூலையில், போர் முடிந்து இரண்டே மாதத்தில், இராணுவத் தளபதி சரத் பொன்சேகாவை அந்தக் கதிரையில் ஏற்றினார்கள். ஏற்றியதா, ஓரங்கட்டியதா? ஒருங்கிணைப்பு வேலை மட்டும்தான் தன்னிடம் விடப்பட்டிருக்கிறது என்று குறைகூறி, நவம்பரில் விலகல் கடிதம் கொடுத்தார். அடுத்த ஜனவரியில் ஜனாதிபதி வேட்பாளராக நின்று தோற்றார். இந்தியா அஞ்சிய ‘அதிக பலமுள்ள ஜெனரல்’ கொழும்பில் உருவானது இந்தப் பதவியால் அல்ல, போர்க்களத்தால்.

நோர்வேயில் இந்தக் குழப்பம் குறைவு. இங்குள்ள பாதுகாப்புத் தலைவர் தரை, கடல், வான் படைகளோடு ஊர்க்காவல் படைக்கும் உண்மையாகவே தலைவர். 1944-இல் முடிக்குரிய இளவரசர் ஓலாவ் அந்தப் பொறுப்பை ஏற்றிருந்தார்.

ஆனால் ட்வெய்ட்டாத் தமிழர் வீட்டு மேசையில் இந்தப் பதவி பற்றிப் பேச்சு வந்தால், முப்படை ஒருங்கிணைப்பை யாரும் கேட்கமாட்டார்கள். ஜகத் ஜயசூரிய, சவேந்திர சில்வா இருவரும் கொழும்பில் அந்தக் கதிரையில் இருந்தவர்கள்; 2025 மார்ச்சில் பிரித்தானியா இருவர் மீதும் தடை விதித்தது. 2009-இல் முன்னவர் வன்னிப் படைத் தலைமையகத்தில், பின்னவர் 58-ஆவது டிவிசனில். இங்கே கேட்பது அதைத்தான்: போர் முடிந்த அந்த மே மாதத்தில் ஆள் எங்கே நின்றவர்?