போக்காடும் பலிக்கடாவும்

ஆங்கில மரபுத்தொடர்களையும் அவற்றின் அன்றாடப் பொருளையும் சொல்லித்தரும் புத்தகங்கள் அநேகமாக ஒரே அச்சில் வார்த்தவை. இடப்பக்கம் தொடர், நடுவில் சமன் குறி, வலப்பக்கம் பொருள். பூனைகளும் நாய்களுமாய் மழை பெய்தது = கடும் மழை பெய்தது. வாளியை உதைத்தான் = இறந்தான். ஊரில் பரீட்சைக்காக இவற்றைப் பாடமாக்கிய தலைமுறை, ஜேர்மனிக்கு வந்து டொச் படிக்கத் தொடங்கியபோதும் அதே முறையில்தான் கொப்பியைத் திறந்தது. 'எனக்கு ரயில் நிலையம் மட்டும்தான் விளங்குது' = ஒன்றும் விளங்கவில்லை. 'கட்டைவிரலை அழுத்திப் பிடிக்கிறேன்' = உனக்கு நல்லபடியாக நடக்கட்டும்.

இந்தச் சமன் குறி பொய் சொல்கிறது என்பதே எனது வாதம்.

வாளியை உதைத்தவனையே எடுத்துக்கொள்வோம். செத்த வீட்டில் எவரும் அப்படிச் சொல்வதில்லை. எங்களிடம் அதற்கு நேரானது 'மண்டையைப் போட்டான்'. அதே மனிதரின் மனைவிக்கு முன்னால் 'மோசம் போனார்' என்போம். மரண அறிவித்தலில் காலமாவார் அல்லது சிவபதமடைவார். நாலுக்கும் வலப்பக்கத்தில் 'இறந்தான்' என்று எழுதிவிடலாம். ஆனால் யார், யாருக்கு, எந்த வாசலில் நின்று சொல்கிறார்கள் என்பது அந்தக் குறிக்குள் அடங்காது. மரபுத்தொடரின் பொருளில் பெரும் பங்கு அந்த வாசலில்தான் இருக்கிறது.

யாழ்ப்பாணத்தில் இந்தப் பட்டியல்களுக்கு வேறொரு தொழிலும் இருந்தது. 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரி காலத்திலிருந்து ஆங்கிலம் உத்தியோகத்துக்கான ஏணி. ஏணியில் ஏறியவர் ஏறாதவருக்குத் தன் உயரத்தைக் காட்ட இலக்கணம் போதாது, மரபுத்தொடர் வேண்டும். இடம் பார்த்து ஒரு தொடரைத் தட்டிவிடுகிறவர் 'நல்ல இங்கிலீசுக்காரர்'. 1956இன் தனிச் சிங்களச் சட்டம் அந்த ஏணியைச் சரித்தது. ஆனால் அந்தப் பழக்கத்தை நாங்கள் விமானத்தில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டோம்.

இனி ஆட்டுக்கு வருவோம். ஆங்கிலத்தில் 'ஸ்கேப்கோட்' என்றொரு சொல் உண்டு. ஊரார் குற்றமெல்லாம் ஒருவன் தலையில் சுமத்தப்பட்டால் அவன் அது. எமது பட்டியல்கள் இதற்குக் கொடுக்கும் பொருள் 'பலிக்கடா'. தமிழ்ப் பத்திரிகைகளும் அப்படியே எழுதுகின்றன. இச்சொல் வந்த இடம் பைபிளின் லேவியராகமம், 16ஆம் அதிகாரம். அங்கே ஆடுகள் இரண்டு. சீட்டுப் போட்டு ஒன்றைப் பலி கொடுக்கிறார்கள். மற்றதன் தலையில் கை வைத்து, மக்களின் பாவங்களையெல்லாம் அதன்மேல் ஏற்றி, உயிரோடு வனாந்தரத்துக்குத் துரத்திவிடுகிறார்கள். 'ஸ்கேப்கோட்' என்பது இந்த இரண்டாவது ஆடு. பலிக்கடா என்றால் அது முதலாவது. ஆட்டையே மாற்றிவிட்டது எமது சமன் குறி. ஜேர்மன் மொழி இதைப் 'பாவ ஆடு' என்கிறது. அதுவாவது சுமையைச் சொல்கிறது. வேடிக்கை என்னவென்றால் தமிழ் வேதாகமத்தில் இந்த ஆட்டுக்கு ஏற்கெனவே அழகான ஒரு பெயர் உண்டு: போக்காடு. பாவத்தைச் சுமந்துகொண்டு எல்லை தாண்டிப் போகிற ஆடு. அகதிகளாகிய எங்களுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் அகராதியில் இல்லை. நாங்களோ அதை வேதக்காரரின் தமிழ் என்று ஒதுக்கிவிட்டுப் பலிபீடத்துக்குப் போய் நிற்கிறோம்.

அந்த ஆங்கிலச் சொல்லை 1530இல் வெளிவந்த தன் மொழிபெயர்ப்பில் உண்டாக்கியவர் வில்லியம் டின்டேல். அவரும் அகதிதான், அதுவும் ஜேர்மனிக்கு வந்த அகதி. ஆங்கிலத்தில் பைபிளை மொழிபெயர்க்க இங்கிலாந்தில் இடமில்லை என்று கண்டு 1524இல் கடல் தாண்டினார். 1525இல் கேர்ள்ன் நகரில் அச்சு வேலை நடக்கும்போது காட்டிக்கொடுக்கப்பட்டு, அச்சிட்ட தாள்களோடு றைன் நதி வழியே வோர்ம்ஸுக்குத் தப்பினார். 1526இல் அங்கே புதிய ஏற்பாடு வெளிவந்தது. லண்டன் பிஷப் பிரதிகளைத் தேடி எரித்தார். இன்று மூன்று பிரதிகளே எஞ்சியுள்ளதாக அறியப்படுகிறது. அவற்றில் ஒன்று ஸ்டுட்கார்ட் நூலகத்தில் 1996இல் அடையாளம் காணப்பட்டது. டின்டேல் 1535இல் அன்ற்வேர்ப்பனில் பிடிபட்டு, 1536இல் பிரசல்ஸுக்கு அருகே கழுத்து நெரிக்கப்பட்டு எரிக்கப்பட்டார்.

பூமிக்கு உப்பு, காலத்தின் அறிகுறிகள், நல்ல போராட்டம் போராடுதல், ஆவி உற்சாகம் மாமிசம் பலவீனம், 'இருக்கின்ற அதிகாரங்கள்' என்று ஆங்கிலேயர் இன்று சர்வசாதாரணமாகப் புழங்கும் தொடர்கள் இவர் கைவழி வந்தவை. 1611இன் அரச பதிப்பு அவற்றை எடுத்துக்கொண்டது. ஆங்கிலத்தின் ஆத்மா என்று எமது வாத்திமார் சொல்லித்தந்தவற்றில் கணிசமானவை, கிரேக்கத்திலிருந்தும் எபிரேயத்திலிருந்தும் தேடப்பட்ட ஓர் அகதி ஏறத்தாழ சொல்லுக்குச் சொல் பெயர்த்தவை!

ஆகவே சொல்லுக்குச் சொல் மொழிபெயர்ப்பது தமிழைக் கெடுக்கிறது என்று எமது சஞ்சிகைகளில் காலாகாலமாக எழும் கூக்குரலோடு என்னால் உடன்பட முடியவில்லை. இதே கூக்குரலை ஜேர்மனியரும் எழுப்புகிறார்கள். 1997இல் டோர்ட்முண்டில் இதற்கென்றே ஒரு சங்கம் அமைத்தார்கள். 'அர்த்தம் செய்கிறது' என்ற ஜேர்மன் தொடர் ஆங்கிலத்திலிருந்து திருடியது என்று எள்ளி நகையாடியபோது, அது பதினெட்டாம் நூற்றாண்டு லெஸ்ஸிங்கிடமே இருக்கிறது என்று மொழியியலாளர் எடுத்துக் காட்டினர். ஜனாதிபதி ஹைன்றிச் லூப்கே பற்றிய கதையும் இந்த ரகம்தான். 1965இல் எலிசபெத் மகாராணி வந்தபோது, 'உடனே தொடங்கப்போகிறது' என்ற ஜேர்மன் வழக்கை லூப்கே 'சமன் போகிறது அது அவிழ்ந்து' என்ற பாணியில் ஆங்கிலமாக்கினார் என்று நாடே சிரித்தது. ஜேர்மனில் 'உடனே' என்பதற்கும் 'சமன்' என்பதற்கும் ஒரே சொல். அது 'டெர் ஸ்பீகல்' இதழின் பொன் நிருபர் ஒருவர் கட்டிய கதை என்று அவ்விதழில் முன்பு பணியாற்றிய ஹெர்மன் கிரெம்லிட்சா 2006இல் எழுதினார். லூப்கே அப்படிச் சொல்லவே இல்லை. அந்நியத் தொடரில் தடுக்கி விழுகிறவனைப் பார்த்துச் சிரிக்கும் ஆசை, விழாதவனையும் விழுத்தி வைத்துச் சிரிக்கிறது.

ஆயினும் எல்லாப் பெயர்ப்பும் ஒன்றல்ல. 2002 பெப்ரவரி போர்நிறுத்த உடன்படிக்கைக்குப் பின் எமது அரசியல் கட்டுரைகளில் பெருகிய தமிழை நினைத்துப் பாருங்கள். 'பந்து இப்போது அரசாங்கத்தின் பக்கம்', 'இது பனிப்பாறையின் நுனி மட்டுமே', 'சுரங்கத்தின் முடிவில் வெளிச்சம்'. இவை வெளியிலிருந்து வந்தவை என்பது எனக்குக் குறையாகப் படவில்லை. எழுதுகிறவர் பந்தையும் காணவில்லை, பனிப்பாறையையும் காணவில்லை என்பதே குறை. ஆங்கிலச் செய்தியை வாசித்தவர், ஆங்கிலச் செய்தியை வாசித்த இன்னொருவருக்கு எழுதும் தமிழ் அது. டின்டேல் தன் மொழிபெயர்ப்பை ஏர் பிடிக்கும் பையனுக்காகச் செய்வதாகச் சொன்னதாய் வரலாறு. வீட்டுத் தாயையும் தெருப் பிள்ளைகளையும் சந்தை மனிதனையும் கேட்டு மொழிபெயர்க்க வேண்டும் என்று 1530இல் லூதர் எழுதினார். எமது கட்டுரையாளர்கள் எவரைக் கேட்டார்கள்? இங்கு வளரும் பிள்ளை 'அம்மா, நாளைக்குச் சோதினை, கட்டைவிரலை அழுத்துங்கோ' என்று தமிழில் கேட்கிறதே, அது உயிருள்ள பெயர்ப்பு. அதைத் திருத்தாதீர்கள்.

இதுவரை சொன்னது வெளியாரின் தொடர் எங்களுக்குள் வருவது பற்றி. எங்கள் தொடர் வெளியே போகும் இடம் ஒன்று உண்டு. அங்கே பிழைத்தால் சிரிப்போடு முடிவதில்லை. புகலிட விசாரணை அது. ஜேர்மன் புகலிடச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி, துன்புறுத்தல் பற்றிய தன் அச்சத்துக்கான காரணங்களை விண்ணப்பதாரர் தானே எடுத்துச் சொல்ல வேண்டும். பிந்திச் சொல்வதை ஏற்காமல் விடவும் அது இடம் கொடுக்கிறது. 17ஆம் பிரிவு மொழிபெயர்ப்பாளரைத் தருகிறது. அவர் எந்தத் தமிழ் அறிந்தவர் என்பது அதிர்ஷ்டம்.

ஒருவர் 'அண்ணையை மண்டையில போட்டிட்டாங்கள்' என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எண்பதுகளின் ஈழத்தில் வாழ்ந்த எவருக்கும் இது சுட்டுக் கொன்றார்கள் என்று விளங்கும். தமிழ்நாட்டுத் தமிழ் மட்டும் தெரிந்த மொழிபெயர்ப்பாளர் 'தலையில் அடித்தார்கள்' என்று பெயர்க்கலாம். 'மண்டையைப் போட்டார்' என்று காதில் விழுந்தால் கொலையே இல்லை, இயற்கை மரணம். ஒரு வேற்றுமை உருபில் ஒரு கொலை காணாமற் போகிறது! பின்பு நீதிமன்றத்தில் அதே மனிதர் 'சுட்டவங்கள்' என்று சொன்னால் கோப்பில் அது முரண்பாடு. 'தம்பியைத் தூக்கினவங்கள்' என்பதும் அப்படித்தான். தூக்கியது யார், எந்த முகாமுக்கு என்று கேட்கத் தெரியாதவருக்கு அது வெறும் தூக்குதல். 'தலையாட்டி'யை என்ன செய்வது? சுற்றிவளைப்பில் முகத்தை மூடி நின்று, வரிசையில் வருபவர்களுக்குத் தலை அசைத்து அவர்கள் வாழ்வைத் தீர்மானித்த அந்த உருவத்துக்கு ஜேர்மனில் 'ஆமாம்சாமி' என்ற பொருள் தரும் சொல்லைப் போட்டால், விண்ணப்பதாரர் ஒரு கோழையைப் பற்றிப் பேசுகிறார் என்றே அதிகாரி நினைப்பார்.

எமது பழமொழிகளுக்குப் பட்டியல் இல்லாமலில்லை. யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய பீற்றர் பேர்சிவல் பாதிரியார் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவற்றை ஆங்கில மொழிபெயர்ப்போடு 1874இல் வெளியிட்டார். அரிய உழைப்பு. ஆயினும் பெரும்பாலும் அதே முறைதான்: பழமொழி, கீழே அதன் ஆங்கிலம். பேசியவர் இல்லை. எமது வாரவிடுமுறைத் தமிழ்ப் பாடசாலைகளில் பிள்ளைகள் பாடமாக்கும் பழமொழிகளும் அப்படியே. அந்தப் பிள்ளைகளிற் சிலர்தான் நாளை விசாரணை அறையில் மொழிபெயர்ப்பாளராக உட்காரப்போகிறவர்கள். ஜேர்மன் அவர்களுக்குத் தண்ணீர் பட்டபாடு. மண்டையில் போடுவது என்னவென்று அவர்களுக்கு எவரும் சொல்லவில்லை, சொல்ல எவரும் விரும்பவுமில்லை. யார் யாரை மண்டையில் போட்டார்கள் என்ற கேள்வி கூடவே வரும் என்பதால்.

எனவே ஒரு யோசனை. இச்சஞ்சிகையின் வாசகர்கள் அந்தக் காலத்துத் தொடர்களை ஒவ்வொன்றாக எழுதி அனுப்பலாம். சமன் குறி வேண்டாம். எந்த ஊரில், எந்த ஆண்டளவில், யார் வாயில் கேட்டது, யார் பக்கத்தில் இருக்கும்போது அதைச் சொல்லமாட்டார்கள் என்று நாலு வரி போதும். தலையாட்டியிலிருந்து தொடங்கலாம்.