பிரேக் கெடவே இல்லை

புற்றுநோய் பற்றித் தமிழில் வரும் கட்டுரைகளில் ஒரு வண்டி அடிக்கடி வந்துவிடும். செல்லை வளரச் சொல்லும் புரதம் ஆக்ஸிலரேட்டர். அதை அடக்கும் பி53, ஆர்பி போன்ற புரதங்கள் பிரேக். ஜீன் கெட்டால் பிரேக் ஃபெயிலியர். சித்தார்த்த முகர்ஜி 2010இல் எழுதிய புற்றுநோய் வரலாற்றிலும் இந்த உவமை உண்டு. நானும் இங்கே எழுதியிருக்கேன். இப்போ அதில் எனக்கொரு குறை.

கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோயில் பெரும்பாலும் பி53 ஜீன் கெடுவதே இல்லை. ஹெச்பிவி வைரஸின் இ6 என்ற புரதம், பி53 உருவாக உருவாக அதைப் பிடித்து செல்லின் குப்பை அரவைக்குத் தள்ளிவிடுகிறது. இ7 என்ற இன்னொன்று ஆர்பியை முடக்குகிறது.

எங்க ஊர் செஞ்சியையே பாருங்க. 1690இல் முகலாயர் முற்றுகை போட்டார்கள், 1698இல் கோட்டை விழுந்தது. ராஜகிரி மதில் இன்னைக்கும் நிக்குது. மதில் இருப்பது வேற, காவல் இருப்பது வேற.

இதற்குச் சாட்சி ஹீலா செல்கள். 1951இல் ஹென்றியெட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் கர்ப்பப்பைவாய்க் கட்டியிலிருந்து எடுத்தவை. ஆய்வகங்களில் நிற்காமல் பெருகுபவை. 2000இல் அமெரிக்காவின் ஏல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவற்றில் இ6, இ7 இரண்டையும் அடக்கினார்கள். பி53, ஆர்பி மறுபடி வேலைக்கு வந்தன. செல்கள் பெருகுவது நின்றது. அரை நூற்றாண்டு கழிச்சும் பிரேக் நல்லாத்தான் இருந்திருக்கு!

உவமை தப்பினால் என்ன நஷ்டம்? பிரேக் ஃபெயிலியர்னு படிக்கிறவங்களுக்கு அது விதி மாதிரி தோணும். வைரஸ் என்றால் தடுக்கலாம். சிறுமிகளுக்குத் தடுப்பூசி இருக்கு. ஏற்கனவே உள்ள தொற்றை ஊசி குணமாக்காது. அவங்களுக்குப் பரிசோதனை வேணும். திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயதுப் பெண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 2007இல் வெளியானது. அசிட்டிக் அமிலம் தடவிக் கண்ணால் பார்க்கும் சோதனை, ஒரே ஒரு முறை. மாற்றம் தெரிந்தவர்களுக்குச் சிகிச்சை. நோய் 25 சதவீதமும் சாவு 35 சதவீதமும் குறைந்தன.

பிரேக் உவமையைத் தூக்கிப் போடச் சொல்லலை. வேறு பல புற்றுநோய்களில் பி53 ஜீனே கெடுகிறது, அங்கே பொருந்தும். இந்த நோயைப் பற்றி எழுதும்போது மட்டும், பிரேக்கைக் கழட்டினது யாருன்னும் சேர்த்து எழுதுங்க.