சிங்கப்பூரில் அடிக்குது குற்றாலச் சீசன்!

சிங்கப்பூர் என்றால் எல்லாரும் மரினா பே கட்டடத்தைத்தான் காட்டுவார்கள். நான் முதலில் பழத்தைக் காட்டப்போகிறேன். ஆமாங்க, பழம்! ஜூன் மாதத்து ராத்திரி, கேலாங் ரோட்டோரம், நடைபாதை நெடுக பிளாஸ்டிக் மேசை, மேசை நெடுக துரியன் தோடு. கையுறை மாட்டிய கடைக்காரர் கத்தியை ஒரு நெம்பு நெம்பிப் பிளந்து நீட்டுகிறார், உள்ளே மஞ்சள் மஞ்சளாகச் சுளை, அந்த வாசம் தெருமுனையிலேயே ஆளைப் பிடித்து இழுக்கிறது, பக்கத்தில் கொத்துக் கொத்தாக ரம்புட்டான், கூடை கூடையாக மங்குஸ்தான். தென்காசியில் பிறந்தவனை அந்த இடத்தில் நிறுத்திப் பாருங்க, அவன் என்ன ஆவான்? நான் நடுத்தெருவில் கத்தியே விட்டேன்: "ஏ, இது நம்ம குத்தாலம்லா!"

பேரருவியில் குளித்துவிட்டு ஈரத்துண்டோடு வரும்போது கடைத்தெருவில் குவிந்து கிடக்குமே, அதே பழங்கள்! மாதமும் அதே மாதம். அங்கே சாரல் பிடிக்கிற ஜூன், ஜூலை, ஆகஸ்டில்தான் இங்கே துரியன் வந்து குவிகிறது. இந்த உறவு பழைய உறவுங்க. இருநூறு வருஷத்துக்கு முன்பே கிழக்கிந்தியக் கம்பெனி இந்தப் பக்கத்துத் தீவுகளின் ஜாதிக்காயையும் கிராம்பையும் கொண்டுபோய்க் குற்றாலத்தில் தோட்டம் போட்டுப் பார்த்தது. நம்ம மலைக்கு இந்தக் கிழக்குச் சீமை மரங்கள் அப்படி ஒத்துப்போய்விட்டன. இதையெல்லாம் அந்தச் சீனத்துக் கடைக்கார அங்கிளிடம் கையை ஆட்டி ஆட்டி விளக்கினேன், அருவி விழுகிற மாதிரி நடித்தும் காட்டினேன், அவர் சிரித்துச் சிரித்துத் தலையாட்டிவிட்டு என் கையில் ஒரு மங்குஸ்தானைத் திணித்தார். ரயிலில் துரியன் கொண்டுபோகக் கூடாது என்று எம்ஆர்டியில் படம் போட்டே தடை வைத்திருக்கிறார்கள், அதனால் நானும் வீட்டுக்காரியும் அங்கேயே உட்கார்ந்து தின்று தீர்த்தோம். குடிவந்த புதிது, வீட்டில் கட்டில்கூட வாங்கவில்லை, ஆனால் அன்றைக்கு ராத்திரியே இந்த ஊர் எங்கள் ஊராகிவிட்டது!

வீடு பிடித்த கதை, பேங்க் கணக்கு திறந்த கதை எல்லாம் வேண்டாம், அது எல்லா ஊரிலும் உள்ளதுதான். வீவக என்கிற வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்து அடுக்குமாடிக்குக் கீழே ஒரு காப்பிக் கடை இருக்கும் பாருங்க, சொர்க்கம் அங்கே ஆரம்பிக்கிறது. 'தே' என்றால் பால் ஊற்றிய டீ, 'தே ஓ' என்றால் பால் இல்லை, 'தே ஓ கோசோங்' என்றால் சீனியும் இல்லை. இதை முதல் தடவை தடுமாறாமல் சொல்லி, கடைக்கார ஆன்ட்டி மறுபேச்சில்லாமல் கிளாஸை வைத்தாரே, அப்போது எனக்கு வந்த பெருமை பத்தாம் வகுப்பு ரிசல்ட் அன்றைக்குக்கூட வந்ததில்லை. அப்புறம் டபுள் டெக்கர் பஸ்! மாடியில் முன்வரிசைச் சீட், எதிரே முழுக்கக் கண்ணாடி, மழைமரக் கிளைகள் நம் நெற்றிக்கு நேரே வந்து வந்து விலகுகின்றன. வேலையே இல்லாவிட்டாலும் ஏறிக் கடைசி நிறுத்தம்வரை போய்த் திரும்புகிறேன், சின்னப் பிள்ளைகளோடு போட்டி போட்டு அந்தச் சீட்டைப் பிடிக்கிறேன், வெட்கமே இல்லை. எம்ஆர்டியில் இறங்கினால் பெயர்ப்பலகையில் தமிழ், ஒலிபெருக்கியில் தமிழ், தமிழ் இங்கே நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்று. அந்தக் குரலைக் கேட்பதற்காகவே அடுத்த ரயிலுக்கு நின்றிருக்கிறேன் என்றால் நம்புங்க.

ஆனால் என்னைக் கிறுக்குப் பிடிக்க வைத்தது தஞ்சோங் பகார். இப்படி நடந்து பாருங்க: சவுத் பிரிட்ஜ் ரோட்டில் மாரியம்மன் கோயில், 1827-இல் நாராயண பிள்ளை தொடங்கியது. அதே சாலையில் கொஞ்ச தூரத்தில் சூலியா என்று அழைக்கப்பட்ட தமிழ் முஸ்லிம்களின் ஜாமியா பள்ளிவாசல். அங்கிருந்து திரும்பித் தெலுக் ஆயர் தெருவுக்குப் போனால் நாகூர் தர்கா, 1828-க்கும் 1830-க்கும் இடையில் கட்டியது. கடலைத் தூர்ப்பதற்கு முன்னால் அந்தத் தெரு கடற்கரை, கப்பலை விட்டு இறங்கிய நம்மாட்கள் காலை வைத்த கரை! அப்படியே தஞ்சோங் பகாருக்கு வந்தேன். தலைக்கு மேலே 290 மீட்டர் உயரத்துக்குக் குவோகோ டவர், அண்ணாந்து பார்த்துக்கொண்டே ஒரு சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்தேன், பரோட்டா சொன்னேன், பெரியவர் ஒருவர் "எந்த ஊரு தம்பி?" என்றார். தென்காசி என்றேன். அவர் எழுந்தே விட்டார்! அவருடைய தாத்தா கடையநல்லூராம். இந்த இடமே ஒரு காலத்தில் கடையநல்லூர், தென்காசி மக்கள் குடும்பம் குடும்பமாக வாழ்ந்த இடமாம், ஆண்கள் துறைமுக வேலைக்குப் போவார்களாம், பெண்கள் மசாலா அரைத்துக் கொடுப்பார்களாம். 1941-லேயே சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்று சங்கம் வைத்து, 1946-இல் உமறுப்புலவர் பெயரில் தமிழ்ப் பள்ளிக்கூடமே நடத்தியிருக்கிறார்கள்! சொந்த மண்ணை விட்டு வந்து, கஞ்சிக்கு உழைத்துக்கொண்டே, பிள்ளைகள் தமிழ் படிக்க வேண்டும் என்று பள்ளிக்கூடம் கட்டிய மக்கள், நம்ம பக்கத்து மக்கள், பஸ் ஏறினால் அரை மணியில் போய்விடுகிற ஊர் மக்கள்! அந்தப் பள்ளி 1982-இல் மூடப்பட்டாலும் பெயர் இன்றும் உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையமாக நிற்கிறது. பரோட்டா ஆறிப்போனது, நான் கவனிக்கவே இல்லை. எங்கள் ஊர்ப் பக்கத்துப் பார்டர் கடைப் பரோட்டாவைப் பற்றி அவரிடம் பேச ஆரம்பித்தேன், மொறுமொறு என்று கல்லில் இருந்து எடுப்பதை, இலையில் பிய்த்துப் போட்டுச் சால்னாவில் மூழ்கடிப்பதை, அவர் கண்ணை மூடிக் கேட்டார், எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

சரி, இப்போது அருவிக்கு வாங்க. அருவி இல்லாமல் குற்றாலத்துக்காரன் பேச்சு முடியுமா? சாங்கி விமான நிலையத்தில் ஜுவல் என்று ஒரு கண்ணாடிக் குமிழ் இருக்கிறது. 2019 ஏப்ரலில் திறந்தது, அதே வருஷம் நவம்பரில்தான் நம்ம தென்காசி தனி மாவட்டமானது, இந்தப் பொருத்தத்தை நான் பார்க்கிறவரிடம் எல்லாம் சொல்கிறேன். உள்ளே போங்க, சுற்றிலும் படிப்படியாகக் காடு, நிஜ மரம், நிஜப் பாசி வாசம். நிமிர்ந்தால் கூரையில் ஒரு வட்டத் துவாரம், அதன் வழியாக 40 மீட்டர் உயரத்திலிருந்து தண்ணீர் கொட்டோ கொட்டு என்று கொட்டுகிறது, உலகத்திலேயே உயரமான உள்ளரங்க அருவி, மழைத் தண்ணீரைச் சேர்த்து வைத்து விழவைக்கிறார்கள், அதன் பக்கத்திலேயே ஒரு ரயில் வேறு சர்ரென்று போகிறது! இரைச்சல் காதை நிறைக்கிறது, முகத்தில் பொடிப்பொடியாகச் சாரல், சாரலேதான், ஐந்தருவிக்கு நூறடி முன்னாலேயே கன்னத்தைத் தொடுமே அதே சாரல், நான் கண்ணை மூடிக் கையை விரித்து நின்றேன், வீட்டுக்காரி சட்டையைப் பிடித்து இழுத்தாள், விமானத்துக்கு ஓடுகிற ஜனம் பெட்டியை உருட்டிக்கொண்டு என்னைச் சுற்றிப் போனது, போகட்டும் என்று நின்றேன். இருட்டியதும் தண்ணீரின்மேல் வண்ண விளக்கைப் பாய்ச்சினார்கள், நீலம், ஊதா, பச்சை, பக்கத்தில் யாரோ ஒரு குழந்தை கை தட்டியது, நானும் தட்டினேன், அதைவிடச் சத்தமாக. தலையைக் கொடுத்துக் குளிக்க விடமாட்டார்கள், அது ஒன்றுதான் குறை. வாடகை ஜாஸ்திதான், வெயிலும் புழுக்கமும் உண்டுதான், அதெல்லாம் அந்தச் சாரலில் நிற்கும்போது யாருக்கு ஞாபகம் வருகிறது!

இந்தச் சனிக்கிழமை மெக்ரிட்சி காட்டுக்குக் கிளம்புகிறோம். மரங்களின் உச்சிக்கு மேலே 250 மீட்டர் நீளத்துக்கு ஒரு தொங்குபாலம், இப்போதே கால் பரபரக்கிறது. குரங்கு நிறைய உண்டாம், பையைப் பத்திரமாகப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறார்கள். குற்றாலத்தில் வளர்ந்தவனிடமா இதைச் சொல்வது!